கரையேற மறுத்தவர்கள்

பர்ன்ஷா நகர நீச்சல்குளத்தின் கண்ணாடிக் கூரை வழியாக நவம்பர் வெயில் வெளுத்து இறங்குகிறது. லண்டன் அரசாங்கம் நகரமன்றத்துக்குத் தரும் பணத்தை வெட்டிவிட்டது. இன்று மதியத்தோடு குளத்தை நிரந்தரமாக மூடுகிறார்கள். மூடும் நேரம் கடந்தும் ஏழெட்டுக் கிழவிகள் நீந்திக்கொண்டிருக்கிறார்கள். நகரமன்ற அதிகாரி ஈரத் தரையில் ஷூ வழுக்காமல் அடிமேல் அடி வைத்து வருகிறான். “நேரம் முடிஞ்சிருச்சு, தயவுசெஞ்சு மேல வாங்க.” எல்லோருக்கும் முன்னால் நீந்தி வரும் கிளெனிஸ் தலையை உயர்த்துகிறாள். படியருகே அவளுடைய ஊன்றுகோல் கிடக்கிறது. தண்ணீருக்குள் அவளுக்கு அது வேண்டியதில்லை. “இடுப்பெலும்ப மாத்தின டாக்டர் தினமும் நீந்தச் சொல்லியிருக்கார் கண்ணு. நாளைக்கு உங்க மந்திரி வீட்டுக் குளியல் தொட்டியில போய் நீந்தவா?” சிரிப்பு கூரையில் மோதித் திரும்புகிறது. உயிர்காப்பாளர் நாற்காலியில் இருக்கும் ரோவீனாவை அவன் அண்ணாந்து பார்க்கிறான். இன்றோடு அவளுக்கும் வேலை போகிறது. “விளக்க அணைச்சிட்டு நீயாவது எறங்கும்மா.” “தண்ணியில ஒரே ஒருத்தர் இருந்தாக்கூட நான் எறங்கக் கூடாது சார். நீங்க போட்ட விதிதான்,” என்று சொல்லிவிட்டுக் கால்மேல் கால் போட்டுக்கொள்கிறாள் ரோவீனா. கிளெனிஸ் சுவரைத் தொட்டுத் திரும்புகிறாள். ஒவ்வொருத்தியாக மற்றவர்களும் திரும்பி, அவசரமே இல்லாமல், ஆழமான பக்கத்தை நோக்கிப் போகிறார்கள்.