கொய்யா மரத்தடி அலுவலகம்

பதவி உயர்வோடு கொச்சிக்கு மாற்றல் வந்திருப்பதை மாதங்கி சொன்னபோது அவள் கணவன் அறிவழகன் கோபப்படவில்லை. மறுநாளே கொத்தனாரைக் கூட்டிவந்து, வீட்டுக்குப் பின்னால் கொய்யா மரத்தடியில் நூல் பிடிக்கச் சொன்னான். "நீ லீவுல வரும்போது உட்கார்ந்து வேலை பார்க்கலாம்" என்றான். ஒன்றரை மாதத்தில் அங்கே ஓர் அலுவலகம் எழுந்தது. அவளுக்குப் பிடித்த வெளிர்நீலச் சுவர், பிரம்பு நாற்காலி, வாசல்வரை கடப்பைக் கல், இருபுறமும் நந்தியாவட்டை. பால் காய்ச்சிய அன்று எல்லோர் முன்னாலும் சாவியை அவள் கையில் வைத்தான். "உன் மேனேஜர்கிட்ட நானே பேசிட்டேன். கொச்சி வேண்டாம். பழைய வேலையை இங்கேருந்தே பார்த்துக்கலாம்னுட்டார்." "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே." "கேட்டா அது சர்ப்ரைஸா?" என்று சிரித்தான். நாத்தனார் அவள் தோளை அணைத்து, "இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான், அண்ணி?" என்றாள். எல்லோரும் தன் முகத்தையே பார்ப்பதைக் கண்டு மாதங்கியும் சிரித்துவைத்தாள். திங்கட்கிழமை காலை முதன்முதலாக அங்கே வேலைக்கு உட்கார்ந்தாள். அறைக்கு ஒரே ஜன்னல். அது வீட்டுக் கூடத்தைப் பார்த்திருந்தது. கூடத்தில் செய்தித்தாளோடு இருந்த அறிவழகன் கையசைத்தான். அவள் எழுந்து, மேசையை இழுத்துச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அவன் உள்ளே வந்து மேசையின் ஒரு முனையைப் பிடித்தான். "அங்கேருந்து பார்த்தா உன் முகமே தெரியலம்மா. நீ அந்தப் பக்கம் பிடி."