இறங்கும் முள்

"உள்ளே போனவரு இன்னும் வரலியேம்மா?" என்று கனகா மறுபடியும் கேட்டாள். ஃப்ளோரா எக்ஸ்ரே வண்டியின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பல்கலைக்கழகத்தின் நடமாடும் எக்ஸ்ரே வண்டி விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையின் வேப்பமரத்தடியில் நின்றது. உள்ளே இருப்பது கனகாவின் புருஷன் தங்கதுரை. பீங்கான் கம்பெனியில் கல் அரைக்கும் மில்லில் வேலை. இருட்டோடு கிளம்பிப் போய் மில்லை ஓட்டிவிடுகிற ஆள்.

ஃப்ளோரா ஆராய்ச்சி மாணவி. கல்தூள் தொழிலாளர்களின் நுரையீரலை என்ன பாடு படுத்துகிறது என்பதுதான் அவள் ஆராய்ச்சி. போன மாதம் இங்கே முகாம் நடத்தி, கம்பெனிக்குள் வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் மாஸ்க்கும் ஒரு பிளாஸ்டிக் குழாயும் கொடுத்திருந்தாள். மூச்சை இழுத்துக் குழாயில் ஊதினால் பக்கத்திலிருக்கும் முள் மேலே ஏறும். தினமும் காலையில் ஊதி, முள் நிற்கிற இடத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும்.

மற்றவர்கள் நாலு நாள் அனுப்பிவிட்டு மறந்துபோனார்கள். தங்கதுரை வீட்டிலிருந்து மட்டும் ஒரு நாளும் தவறவில்லை. ஃப்ளோரா ஹாஸ்டலில் இட்லிக்கு உட்காரும் நேரத்துக்குச் சொல்லிவைத்தாற்போல் படம் வந்துவிடும்.

வந்ததுதான் வம்பு. முகாமில் அவர் ஊதியபோது உச்சிக்குப் போன முள், படத்துக்குப் படம் இறங்கிக்கொண்டே வந்தது. பச்சைக் கோட்டிலிருந்து மஞ்சளுக்கு, மஞ்சளிலிருந்து சிவப்புக்கு. ஃப்ளோரா இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். பேராசிரியை விமலாராணியை நச்சரித்து, வண்டியோடு கிளப்பிக்கொண்டு வந்துவிட்டாள்.

எதற்கென்று மட்டும் இவர்களிடம் சொல்லவில்லை. சொன்னால் பயந்துவிடுவார்களாம். "ஒரு பெரிய டெஸ்ட்டு" என்றாள், அவ்வளவுதான். அதற்கே கனகா பாதி செத்துப்போயிருந்தாள்.

"வேலைக்கு ஆவாதுன்னு சொல்லிடுவீங்களா?" என்று எழுந்து பக்கத்தில் வந்தாள் கனகா. நாலு எட்டு நடந்ததற்கே அவளுக்கு மூச்சு வாங்கியது. பயம் ஆளை அப்படித்தான் ஆக்கும். "அந்த மில்ல விட்டா... அவருக்கு வேற ஒண்ணும் தெரியாதும்மா. பொண்ணு இப்பதான் காலேஜுல சேர்ந்திருக்குது."

"அதெல்லாம் இல்லக்கா, உட்காருங்க" என்றாள் ஃப்ளோரா. அந்தக் குரலை அவளே நம்பவில்லை.

கை சும்மா இருந்தால் மனசு எங்கெங்கோ போகும் என்று கனகா கூடையோடு வந்திருந்தாள். கூடை நிறைய அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சூளைக்குப் போகாத பொம்மைகள். வீட்டில் உட்கார்ந்து அவற்றின் பிசிறு தேய்ப்பது அவள் வேலை. ஒரு பொம்மையை மடியில் போட்டு உப்புத்தாளால் பரபரவென்று தேய்த்தாள். எழுந்த வெள்ளைத் தூளை ஊதிவிட்டு மறுபடி கதவைப் பார்த்தாள்.

கதவு திறந்தது. சட்டைப் பொத்தானைப் போட்டபடி தங்கதுரை இறங்கினார். பின்னாலேயே வந்த விமலாராணியின் முகம் கடுகடுவென்றிருந்தது. ஃப்ளோரா அவரை நோக்கி ஓடினாள்.

"ஏம்மா ஃப்ளோரா, இவருக்கா மூச்சு முட்டுது? நெஞ்சு அவ்ளோ சுத்தமா இருக்குது. ஊதச் சொன்னேன், முள்ளு உச்சியில போய் இடிக்குது!"

"கொளஞ்சியப்பா சாமி, காப்பாத்திட்ட!" என்று பொம்மையோடு சேர்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள் கனகா. ஃப்ளோராவுக்கும் வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருந்தது.

"நான்தான் அப்பவே சொன்னேனே" என்றார் தங்கதுரை பெருமையாக. "பாப்பா குடுத்த மாஸ்க்கு இல்லாம மில்லுக்குள்ள கால வெக்கறதே இல்லீங்க."

ஆனாலும் ஃப்ளோராவால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. "அப்ப குழாய்ல கோளாறா மேடம்? அக்கா, அதக் கொண்டாந்திருக்கீங்களா?"

கனகா கூடையின் அடியிலிருந்து எடுத்துத் தந்தாள். விமலாராணி அதைத் துடைத்து, தானே ஒரு ஊது ஊதினார். முள் சமர்த்தாக மேலே போய் நின்றது. "இதுவும் நல்லாத்தான் இருக்குது. படிக்கிற அவசரத்துல நீதான் எதையோ தப்பாப் பார்த்திருக்க" என்றார்.

ஃப்ளோரா விடவில்லை. போனைத் திறந்து தங்கதுரையின் முகத்துக்கு நேரே நீட்டினாள். "அண்ணே, இன்னிக்குக் காலையில வந்த படம் இது. முள்ளு செவப்புல நிக்குது பாருங்க. எப்படிண்ணே ஊதுனீங்க?"

"படமா?" என்று தலையைச் சொறிந்தார் அவர். "அந்த வெவகாரமெல்லாம் இவதாங்க."

எல்லோரும் கனகாவைப் பார்த்தார்கள். பயம் தெளிந்த முகத்தில் இப்போது வெட்கம் வந்திருந்தது. மாட்டிக்கொண்ட பிள்ளைபோலச் சிரித்தாள்.

"கோச்சுக்காதீங்கம்மா. காலையிலதான் ஊதணும்னு சொல்லிட்டுப் போனீங்க. இவரு விடியறதுக்குள்ள மில்லுக்குப் போயிடுறாரு. படம் வரலன்னா... உங்க படிப்பு கெட்டுப்போயிடுமேன்னு..." மூச்சு இரைத்தது. மடியிலிருந்த வெள்ளைத் தூளை உதறிக்கொண்டே மீதியைச் சொன்னாள்.

"தெனம் ஊதுனது நான்தான்."