ஓரத்தில் ஒரு முழம்

“ஓரத்துல நிறுத்துங்க தம்பி. நாளைக்கு வெட்டி எடுத்தா, வெட்டின தடமே தெரியக் கூடாது.”

மாப்பிள்ளை உடை மாற்றும் அறை வாசலில் வைத்து, மாப்பிள்ளையின் அம்மா போட்டோகிராபரிடம் சொன்ன முதல் பேச்சே இதுதான். வாங்க என்று கூடச் சொல்லவில்லை.

யாரை என்று அவர் கேட்டார். அம்மா கண்ணாலேயே காட்டினாள். மண்டபத்தின் கடைசி வரிசையில், துவைத்துத் துவைத்து நிறம் வெளுத்த உடுப்போடு, நாற்காலிகளுக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தாள் நாத்தனார்.

புருஷன் விட்டுவிட்டுப் போனவள். ஆஸ்பத்திரியில் துணி துவைக்கிற வேலை. சம்பந்தி வீடோ பெரிய இடம். நாளைப் பின்னே அவர்கள் வந்து, கூடத்துச் சுவரில் தொங்கப்போகும் பெரிய படத்தைப் பார்த்து, “இவங்க யாரு?” என்று கேட்டுவிட்டால் என்ன சொல்வது? ஒரு மாதமாக அம்மாவுக்கு இதே கவலை.

கல்யாணத்துக்குக் கூப்பிடாமலே விட்டிருப்பாள். மகன்தான் ஒரே பிடியாக நின்றான். அத்தை இல்லாத படத்தில் தானும் இல்லை என்றுவிட்டான். அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அம்மா இரண்டு வருஷம் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். அவனைக் குளிப்பாட்டி, ஊட்டி, பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனதெல்லாம் அத்தைதான். அதெல்லாம் பழைய கதை என்பது அம்மாவின் கட்சி.

ஆகவே பாம்பும் சாகாமல், பாம்படித்த கோலும் நோகாமல் காரியம் முடிய வேண்டும்.

அன்று காலையில்கூட, எல்லாரும் நல்லா இருக்கணும் என்று கண்ணை மூடி வேண்டிக்கொண்டுதான் கிளம்பியிருந்தாள். எல்லாரும் என்றால் நாத்தனாரும் உண்டா என்று கடவுள் கேட்கவில்லை. அவருக்கு எத்தனை வேலை.

“கவலையை விடுங்கம்மா. மத்தவங்ககிட்ட இருந்து ஒரு முழம் தள்ளி நிறுத்திடறேன்” என்றார் போட்டோகிராபர்.

கற்பனையோடு படம் எடுப்பார் என்று அவருக்குப் பெயர். பொழுது விடிந்ததிலிருந்து கடைசி விருந்தாளி செருப்பு மாட்டும்வரை ஓயமாட்டார். தண்ணீர் டம்ளர் வழியாகப் பெண்ணை எடுத்தார். மாடிப்படிக் கம்பியில் தொங்கிக்கொண்டு மாப்பிள்ளையின் உச்சந்தலையை எடுத்தார். மேடைக்கு முன்னால் அவர் மல்லாக்கப் படுத்து எடுத்தபோது, யாரோ மயக்கம் போட்டுவிட்டார் என்று பெரியப்பா தண்ணீர்ச் செம்போடு ஓடிவந்தார். அதையும் எடுத்துக்கொண்டார்.

“இயல்பா இருங்க மாப்பிள்ளை. இன்னும் கொஞ்சம் இடது பக்கமா இயல்பா இருங்க.”

குடும்பப் படம் எடுக்கும் நேரம் வந்தது. சொன்ன வாக்குப்படி நாத்தனாரை வலது கோடியில் நிறுத்தினார். அவளும் எதிர்க்கேள்வி கேட்கவில்லை. அம்மாவுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சி அடங்குவதற்குள், அம்மாவையும் கொண்டுபோய் இடது கோடியில் நிறுத்தினார்.

“என்ன தம்பி இது? பெத்தவ நான் மகன் பக்கத்துல நிக்க வேணாமா?”

“தூண் எங்கம்மா நடுவுல நிக்கும்? ஓரத்துல நின்னுதானே வீட்டையே தாங்குது.”

அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். தூண் மாதிரியே நிமிர்ந்து நின்றாள். அதன் பிறகு மேடையில், சாப்பாட்டுக் கூடத்தில், வாசல்படியில், வழியனுப்பும் காருக்குப் பக்கத்தில் என்று எங்கே எடுத்தாலும் இந்தக் கோடியில் அம்மா, அந்தக் கோடியில் நாத்தனார். நடுவில் அப்பா இருந்தார். வழக்கம்போல வாயைத் திறக்கவில்லை.

பதினைந்து நாள் கழித்து அம்மா ஸ்டுடியோவுக்குப் போனாள். கம்ப்யூட்டர் திரையில் குடும்பமே சிரித்துக்கொண்டிருந்தது.

“இதையே பெரிசாப் போட்டுடுங்க தம்பி. அந்த வேலையையும் முடிச்சிடுங்க.”

“எந்தப் பக்கம்மா வெட்டணும்?”

“இது என்ன கேள்வி? அவ நிக்கிற பக்கம்தான்.”

அவர் மவுஸைத் தொடவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, தன் தொழில் பழக்கத்தை நிதானமாகச் சொன்னார். யாராவது வந்து இன்னாரை ஓரத்தில் நிறுத்து என்றால், மறுபேச்சு இல்லாமல் நிறுத்திவிடுவாராம். கூடவே, சொன்னவரையும் எதிர் ஓரத்தில் நிறுத்தி, அங்கேயும் ஒரு முழம் விட்டுவிடுவாராம். கல்யாணம் முடிந்து வெட்டச் சொல்லி வருகிறவர்களில் பாதிப் பேர், நிறுத்தச் சொன்னவர் நிற்கிற பக்கத்தைத்தான் காட்டுகிறார்களாம். முன்யோசனை இருந்தால் படம் கெடாது பாருங்கள் என்றார்.

அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

“என் வீட்டுல அந்த மாதிரி ஆள் யாரும் கிடையாது.”

“உங்க மகன் முந்தாநாள் அத்தையோட வந்திருந்தாரும்மா. கல்யாணத்தன்னிக்கு நீங்க வாசல்ல நின்னு பேசினது, உள்ளே சட்டை மாட்டிக்கிட்டு இருந்தவர் காதுல விழுந்திருக்கு.”

அம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“எந்தப் பக்கத்தை வெட்டச் சொன்னான்?”

“அவர் கை காட்டினது நீங்க நிக்கிற பக்கம்தாம்மா. அந்தக் கையைப் பிடிச்சு இறக்கினது, நீங்க வெட்டச் சொல்ற பக்கத்துல நிக்கிறவங்க.”