படிச்ச மருமகள்

வந்த மூன்று வரன்களையும் தட்டிக் கழித்த சாரதாமணி, திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்துப் பெரிய ஆளாகிவிட்ட உள்ளூர்க்காரர் லிங்கசாமியின் மகன் என்றதும், "வரச் சொல்லுங்கப்பா" என்றாள்.

மறுவாரமே மகனோடு காரில் வந்து இறங்கினார் லிங்கசாமி.

"கல்கத்தா வியாபாரிகளெல்லாம் ஊட்டுக்கு வர்றாங்க. படிச்ச மருமகதான் எங்களுக்குக் கௌரவம். எங்கே கண்ணு, எதையாச்சும் படிச்சுக் காட்டு, கேப்போம்."

சாரதாமணி உள்ளே போய்ப் பழுப்பேறிய தாள் ஒன்றை எடுத்து வந்து கணீரென்று படித்தாள்.

"'இவ்வாண்டு முதல் பெண்பிள்ளைகளை ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிடுவதென்று பள்ளிக் கமிட்டி தீர்மானித்திருக்கிறது. 1955, ஜூன். தலைவர், லிங்கசாமி.' எங்கப்பாவுக்கு நீங்க அனுப்புன கடுதாசிதானுங்க."

லிங்கசாமியின் முகம் சுருங்கிப் போயிற்று.

"அன்னைக்கு அழுதுட்டே வெளிய வந்த பதினோரு பேர்ல நானும் ஒருத்தி. மாமன் உடுமலைப்பேட்டைக்குக் கூட்டிட்டுப் போய்ப் படிக்க வெச்சதால நான் மட்டும் தப்பிச்சேனுங்க."

"அது ஏதோ அந்தக் காலம், கண்ணு. அதையெல்லாம் மனசுல வெச்சுக்காம எங்க ஊட்டுக்கு வந்துரு."

"நான் வரமாட்டேனுங்க. படிச்ச பொண்ணு வேணும்னா வேற ஊர் பாருங்க. இந்த ஊர்லதான் நீங்க ஒருத்தியையும் படிக்க விடலையே!"