நாற்காலி எண்

புது வரிப்பணத்தில் பொருள் வாங்கலாம், ஆள் எடுக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. நான் ஓய்வு பெற்ற வருஷம் எங்கள் ஆபீஸில் நாற்காலிகள் கூரையை முட்டின; ஜன்னலைத் திறந்தால் ஒன்றிரண்டு தெருவில் விழும். உட்காரத்தான் ஆளில்லை. அத்தனை பேர் வேலையையும் தினக்கூலி தமயந்தி ஒருத்தியே பார்த்தாள்.

"சார், பதினோரு வருஷமாச்சு. இந்தத் தடவையாவது நிரந்தரம் பண்ணுவீங்களா?"

"நாற்காலின்னா நாளைக்கே வாங்கிரலாம்மா," என்று கொட்டாவி விட்டார் தாசில்தார். "ஆளுன்னா சட்டம் விடாது."

"அப்போ என்னையும் நாற்காலின்னே எழுதிக்குங்க சார்."

தாசில்தார் சிரிக்கவில்லை. நாற்காலி முதுகுகளில் அரசு எண் எழுதிக்கொண்டிருந்த பெயிண்டரைத் திரும்பிப் பார்த்தார். பெயிண்டர் தூரிகையை வெள்ளையில் தோய்த்துக்கொண்டு எழுந்து வந்தார்.

தமயந்தி பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு திரும்பி நின்றாள்.