கூடுதல் ஆள்

"இந்தக் கடிதம் என் மேசைக்கு வந்திருந்தா, அரை நிமிஷத்துல திருப்பி அனுப்பியிருப்பேன்," என்றார் பெரியவர், போனைக் காதோடு அழுத்திக்கொண்டு.

மறுமுனையில் அவள் சிரித்தாள். "அதான் ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டாங்களே அப்பா. மூணாவது தடவையும் திரும்பி வந்தா எங்க பிரிவையே இழுத்து மூடிடுவாங்களாம்."

பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "யார் சொன்னது?"

"மேலதிகாரியே சொன்னார்."

அவள் நலத்துறையில் வேலை பார்ப்பவள். ஞாயிறு தவிர எல்லா நாளும் காலை ஒன்பது பத்துக்கு அவளிடமிருந்து போன் வரும். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, ராத்திரி தூங்கினீங்களா என்று கேட்பாள். அந்த வரிசை மாறவே மாறாது. நாலு நிமிடத்துக்கு மேல் பேச அவளுக்கு நேரம் இருக்காது.

பெரியவருக்கு அந்த நாலு நிமிடம்தான் நாள். மனைவி போய் மூன்று வருடம் ஆகிறது. மற்ற நேரமெல்லாம் அந்த மாடி வீட்டில் சத்தம் போடுவது ஃபிரிட்ஜ் மட்டும்தான். எட்டரைக்கே குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போன் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். போனில் சட்டையை யார் பார்க்கப்போகிறார்கள்? இருந்தாலும் போட்டுக்கொள்வார்.

கீழ் வீட்டு அம்மாள் மாடிப்படியில் பார்க்கும்போதெல்லாம் பெருமூச்சு விடுவாள். "கொடுத்து வெச்சவர் நீங்க. பொண்ணுன்னா இப்படியில்ல இருக்கணும்! நானும் ஒண்ணைப் பெத்தேனே, தடிமாடு. அவன் போன் பண்ணினா அன்னிக்கு மழைதான்."

பெரியவர் சிரித்துக்கொண்டே படியேறிவிடுவார்.

இன்று அவள் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் மறுபடியும் அழைத்திருந்தாள். கூடுதல் நிதி கேட்டு அவள் துறை எழுதும் கடிதத்தைப் படித்துக் காட்டத்தான். பெரியவர் முப்பத்தொரு வருடம் நிதித்துறையில் இருந்தவர். இப்படிப்பட்ட கடிதங்களை அடித்துத் திருப்பி அனுப்புவதே அவர் வேலை. அலுவலகத்தில் அவருக்கு 'சிவப்பு மை' என்று பட்டப்பெயர்.

"முதல் வரியை மறுபடி படி."

"'இப்பிரிவில் நிலவும் கடுமையான பணிச்சுமையைக் கருத்தில் கொண்டு...'"

"நிறுத்து. பணிச்சுமை இல்லாத ஆபீஸ் எதும்மா? அதைப் படிச்சதும் எங்களுக்குக் கொட்டாவி வந்துடும். உங்க வேலை நடக்கலைன்னா ஜனங்களுக்கு என்ன ஆகும்? அதைச் சொல்லு முதல்ல."

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "போன மாசம் எங்க பட்டியல்ல இருந்த ஒருத்தர் குளியலறையில விழுந்துட்டார் அப்பா. எழுபத்தாறு வயசு. ரெண்டு நாள் அப்படியே கிடந்திருக்கார். எங்கள்ல ஒரு ஆளுக்கு எண்பது பேர். அந்த ரெண்டு நாளும் அவரைக் கவனிக்க இங்க ஆள் இல்லை."

"பிழைச்சாரா?"

"இல்லை அப்பா."

பெரியவர் தன் குளியலறைக் கதவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"அதுதான் முதல் வரி. பேர் வேண்டாம், வயசு போதும். அடுத்த வரியில எத்தனை ஆள் வேணும்னு ஒரே எண். 'சுமார்'னு எழுதினா நாங்க பாதியா வெட்டிடுவோம். இப்ப எத்தனை பேர் இருக்கீங்க?"

"பன்னெண்டு."

"இன்னும் பன்னெண்டு கேளு. ஒரு ஆளுக்கு நாப்பது பேர்தான் இருக்கணும். பன்னெண்டுல ஒண்ணுகூடக் குறைக்காதே."

நாலு நாள் மதியம் அந்த வேலை நடந்தது. அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். ஒரு வரிக்காக இருவரும் சண்டைகூடப் போட்டார்கள். அந்த நாலு நாளும் பெரியவர் சாப்பிடும்போது மணி மூன்று, பசியே தெரியவில்லை.

கடிதம் போய் மூன்று வாரம் வரை பதில் இல்லை. பிறகு ஒரு சனிக்கிழமை, போனை எடுத்ததும் சாப்பிட்டீங்களா என்றுகூட அவள் கேட்கவில்லை.

"அப்பா! முழுசாக் குடுத்துட்டாங்க! பன்னெண்டு பேரும்! ஒத்தைக் காசுகூட வெட்டலை. எல்லாம் உங்களாலதான்."

"வெட்டறவனே எழுதிக் குடுத்தா எவன்மா வெட்டுவான்?" என்று சிரித்தார் பெரியவர். சிரிக்கும்போதே கண் கலங்கிவிட்டது.

"திங்கக்கிழமை புது ஆளுங்க வர்றாங்க. இனிமே அரக்கப்பரக்கப் பேச வேண்டாம்பா. நிதானமாப் பேசலாம்."

பெரியவருக்குக் கால் தரையில் பாவவில்லை. ஞாயிறு முழுக்க, என்னென்ன பேசலாம் என்று யோசித்து வைத்தார். மனைவியை முதன்முதலில் எங்கே பார்த்தார் என்பதை அவளிடம் சொன்னதே இல்லை. நாளைக்கு அதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

திங்கட்கிழமை ஒன்பது பத்து. முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"என்னம்மா, புது ஆளுங்க வந்தாச்சா?"

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம். பிறகு, அவர் இதுவரை கேட்டறியாத ஓர் இளம் குரல் தயங்கித் தயங்கிப் பேசியது.

"வந்தாச்சு அப்பா. நான்தான் அந்தப் புது ஆள். இதுவரை உங்ககிட்டப் பேசின அக்காவோட பட்டியலைப் பிரிச்சதுல, உங்க பேரு எனக்கு வந்திருக்கு."