மாலையைப் பிடித்த கை

வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குக் குடியுரிமை கிடைத்தால்தான் செண்பகா அதைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு விமானம் ஏற முடியும். தூதரக அதிகாரி சபாநாயகமோ நெற்றி நிறைய விபூதியும் வாய் நிறையப் பண்பாடுமாக உட்கார்ந்திருந்தார்.

"பிள்ளை பாவம்மா, அது என்ன பண்ணும்? ஆனா கல்யாண போட்டோ இல்லாம நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

"நாங்க கல்யாணமே பண்ணிக்கலையே சார்," என்றான் பிள்ளையின் தகப்பன் ஜெரோம்.

"அத யாரு தம்பி கேட்டா? போட்டோதான கேட்டேன். எதிர்த்தாப்புல நம்ம மச்சான் ஸ்டூடியோ இருக்கு. மாலை, தாலி, மணமேடை எல்லாம் அவனே வச்சிருக்கான்."

வைத்திருந்தான். பிளாஸ்டிக் மாலையில் எத்தனையோ பேருடைய கழுத்து வியர்வை புளித்து நாறியது. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு செண்பகா ஜெரோம் பக்கத்தில் மணையில் உட்கார்ந்தாள்.

"சிரிங்கம்மா. குழந்தையக் கீழ விடுங்க. கல்யாணத்தன்னிக்கு ஏதும்மா குழந்தை?" என்றான் மச்சான்.

கீழே விட்ட பிள்ளை எக்கி மாலையின் நுனியைப் பிடித்துக்கொண்டது. விடவே இல்லை.

படத்தை வாங்கிய சபாநாயகம் அதைக் கண்களில் ஒற்றிக்கொண்டார். பிறகு முகம் சுளித்தார். கீழ் ஓரத்தில் ஐந்து பிஞ்சு விரல்கள்.

"சீ, பாக்கவே அசிங்கமா இல்ல?"

கத்தரிக்கோலை எடுத்து அந்த ஓரத்தை நறுக்கினார். விரல்கள் குப்பைத் தொட்டியில் விழுந்தன.

"இப்பத்தான் லட்சணமா இருக்கு. சரி, குழந்தை பேரு என்ன?"

செண்பகா குனிந்து தொட்டிக்குள் கையை விட்டாள்.